ரூபா மட்டும் வைத்திருந்தவர்கள்

2022 மார்ச் பிறக்கும்வரை பல மாதங்களாக இலங்கை வங்கிகளின் பலகையில் ஒரு அமெரிக்க டொலரின் விலை 203 ரூபாவை ஒட்டியே அசையாமல் நின்றது. அந்த விலைக்கு டொலர் கேட்டுப் போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பால்மா இறக்குமதி செய்தவருக்கும், பிள்ளையை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிய தகப்பனுக்கும் அந்த இலக்கம் பொய் என்று தெரிந்திருந்தது. ரூபாவில் சம்பளம் எடுத்து, ரூபாவிலேயே சேமித்து, ரூபாவிலேயே பென்சன் வாங்கியவர்கள்தான் அதை நம்பியிருந்தார்கள். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது.

டொலர் விலையை வீட்டுக்குள் பேசுவது எங்களுக்குப் புதிய பழக்கம். சுதந்திர காலத்தில் அது மூன்றேகால் ரூபாவுக்குச் சற்று மேல். 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பைக் குறைத்தபோது 5 ரூபா 95 சதம். 1977 நவம்பரில் ஒரேயடியாக 16 ரூபா. ஆனால் யாழ்ப்பாணத்தில் எழுபதுகளை வாழ்ந்த எவரிடமும் கேட்டுப்பாருங்கள், சங்கக்கடையைச் சொல்வார்கள், கூப்பனைச் சொல்வார்கள், விடியப்புறம் பாணுக்கு வரிசையில் நின்றதைச் சொல்வார்கள். டொலரைச் சொல்லமாட்டார்கள். அன்றும் நாட்டிடம் அந்நியச் செலாவணி இருக்கவில்லை. அதனால்தான் சிறிமாவோ அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாடு பஞ்சத்தில் நெளிந்த அதே ஆண்டுகள் குடாநாட்டுத் தோட்டக்காரருக்குப் பொற்காலமாயின. குடாநாட்டுக்கு வெளியே விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டி மிளகாய் நட்ட இளைஞர்கள் அந்தக் காசில் கல்வீடு கட்டினார்கள், தங்கச்சிமாருக்குச் சீதனம் சேர்த்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, அந்த விலை போயிற்று.

இறக்குமதி நின்றால் தோட்டம் பிழைக்கும் என்ற அந்த நினைவு எங்கள் பெரியவர்களிடம் இன்னும் உண்டு. 2022இல் அது கைகொடுக்கவில்லை. எழுபதுகளுக்குப் பிறகு தோட்டமே டொலருக்குள் போய்விட்டிருந்தது. கிணற்று நீரை இறைக்கும் பம்புக்கு மண்ணெண்ணெய் வேண்டும், உழவுக்கு டீசல் வேண்டும், விளைச்சலுக்கு உரம் வேண்டும், எல்லாமே கப்பலில் வருபவை. 2021 ஏப்ரலில் அறிவித்த இரசாயன உரத் தடையும் டொலர் முடையின் பிள்ளைதான். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபா என்று விலை எழுதியிருந்தது. எண்ணெய்தான் இருக்கவில்லை. படகு இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லாமல் மீனவர்கள் கரையில் இருந்தார்கள். 2022 ஓகஸ்டில் அதே லீற்றர் 340 ரூபா ஆனது. 2021 முடிவில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஆறு மாதத்தில் 470 ஆனது.

உண்டியல் பற்றியும் பேசவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எங்கள் வீடுகளுக்கும் பங்குண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவிலும் சுவிசிலும் பிரான்சிலும் லண்டனிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஊர்களுக்கு அது எப்படி நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மகன் அங்கே ஒருவர் கையில் பிராங்கைக் கொடுப்பார், இங்கே இன்னொருவர் படலைக்கு வந்து ரூபாவை எண்ணிக் கொடுப்பார். பிராங் நாட்டுக்குள் வருவதேயில்லை. வங்கி 203 என்றபோது உண்டியல் 240ஐத் தாண்டிக் கொடுத்தது. வங்கிவழி அனுப்பினால் டொலருக்கு மேலதிகமாகப் பத்து ரூபா தருகிறோம் என்று மத்திய வங்கி 2021 டிசம்பரில் சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை. வெளிநாட்டில் உழைப்போர் வங்கிவழி அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாமற் போனதில் இதற்கும் பங்கிருந்தது. ஆனால் முப்பது நாற்பது ரூபா குறைத்து வாங்கு என்று ஒரு தாயிடம் கேட்கும் உரிமை, பொய் விலையைப் பலகையில் எழுதிவைத்தவர்களுக்கு இல்லை.

படலைக்கு வந்து காசு எண்ணிக் கொடுக்க ஆளில்லாத வீடுகளுக்கு என்ன நடந்தது? எங்கள் ஊர்ச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர், மாதம் பத்தாயிரம், மொத்தம் இரண்டு லட்சம் என்று 2021 தையில் தொடங்கிய ஒரு சீட்டு என்று வைப்போம். அவசரக்காரர் கழிவு விட்டு முதலில் எடுப்பார். பொறுத்திருப்பவருக்குக் கடைசியில் முழுத்தொகை. பொறுமைக்குப் பரிசு என்பதுதான் சீட்டின் நியாயம். தொடக்கத்தில் அந்த இரண்டு லட்சம் ஆயிரம் டொலருக்குச் சமன். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபா விற்ற காலம், நூற்றுமுப்பதுக்கு மேல் வாங்கலாம். 2022 ஆவணியில் கடைசி ஆள் கையில் வந்த அதே இரண்டு லட்சம் 550 டொலர்தான், சிலிண்டர் என்றால் நாற்பத்துச் சொச்சம். கடன் வாங்காமல், அவசரப்படாமல், ஒரு தவணையும் தவறாமல் கட்டிய மனுசிதான் எல்லாரையும்விட அதிகம் இழந்தார். கழிவு விட்டு முதலில் எடுத்து ஒரு சோடி காப்பு வாங்கி வைத்தவர் தப்பினார், ஏனென்றால் தங்கத்தின் விலை டொலரோடு சேர்ந்து ஏறியது. அடகில் வைத்த நகையை மீட்க முடியாமல் போனவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

வங்கியில் போட்டவர் நிலையும் இதுதான். 2021இல் வைப்புக்கு ஐந்து ஆறு வீத வட்டி. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்குத் தனியே பார்த்தால் 94.9 வீதம். தனியார் துறைத் தொழிலாளியின் முதுமைக்கென்றுள்ள ஊழியர் சேமலாப நிதி அந்த ஆண்டுக்குக் கொடுத்தது 9 வீதம். 2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அரசு, வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை, இந்த நிதியின் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றியது. வங்கிகள் சரிந்தால் வைப்பாளரும் சரிவார்கள் என்ற காரணம் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் காசு அவர்களைக் கேட்காமலேயே இந்தச் சுமையைத் தூக்கியது. இதை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

2024இல் டொலர் 300 ரூபாவை ஒட்டி நின்றது. கடைக்குப் போகுமுன் கைப்பேசியில் அன்றைய விலையைப் பார்ப்பது பலருக்கும் பழகிவிட்டது. வீடு கட்ட மதிப்பீடு கேட்டால் மேசனே டொலரைச் சொல்கிறார். காஸ் சிலிண்டர் 4,900 வரை போய் 2024இல் 3,690க்கு இறங்கியது. வரிசை இருக்கவில்லை, பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையும் தேவைப்படவில்லை. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது என்று செய்தி வந்தபோது விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். ஏறிய உயரத்திலிருந்து விலைகள் சற்றே இறங்கின என்பது மட்டும்தான் அதன் பொருள். 2021ஐ நூறு என்று வைத்தால் கொழும்பின் விலைவாசி அப்போதும் இருநூறுக்குக் கிட்ட நின்றது. நெருக்கடிக்கு கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச மூவரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் கப்ரால் உட்பட வேறு சிலரும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது பெரிய தீர்ப்பு. சீட்டில் கடைசியாக எடுத்தவருக்கு அதனால் ஒரு சதமும் திரும்பவில்லை.

வடக்கில் பல வீடுகளுக்காவது வெளியில் ஒரு கை இருந்தது. இல்லாதவர்களில் சிலர் 2022 மார்ச்சில் பிள்ளைகளோடு படகேறி இராமேஸ்வரத்தின் கரையில் இறங்கினார்கள். மலையகத்து லயன் அறைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கையும் இல்லை, கடலும் இல்லை. பல ஆண்டுகள் போராடி 2021 மார்ச்சில் அவர்கள் பெற்ற நாட்சம்பளம் 1,000 ரூபா, அன்றைய விலையில் ஐந்து டொலர். 2022 மே மாதத்தில் அது 2 டொலர் 80 சதமும் இல்லை. அவர்கள் பறித்த தேயிலை அப்போதும் டொலருக்குத்தான் விற்றது. ரூபா விழ விழ, ஏற்றுமதி செய்தவர் கையில் கிடைத்த ரூபா கூடியது. எரிபொருளும் உரமும் அதில் ஒரு பங்கைத் தின்றிருக்கும், உண்மைதான். ஆயினும் கொழுந்து பறித்தவரின் ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது. சம்பளத்தை 1,350 ஆக்கும் வர்த்தமானி வெளிவந்தது 2024 செப்டெம்பரில். கணக்குப் பார்த்தால் அது நாலரை டொலர், 2021இல் கொடுத்ததைவிடக் குறைவு.