சீனாவில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டம் மீமிசல் பக்கம் சபுர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போகாத வீடு குறைவு. சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவூதி என்று ஒவ்வொரு தெருவிலும் சபுராளிகள் உண்டு. எந்த நாட்டுக்கு எந்த விசா, எந்த ஏஜெண்டை நம்பலாம் என்பதெல்லாம் கடைத்தெருவில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும். ஆனால் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் என்னிடம் கொண்டுவந்த தாளில் இருந்த நாட்டைப் பற்றிச் சொல்ல இங்கே ஆள் இல்லை. அது சீனா.

பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்தவன். தனியார் பள்ளியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறான். "அண்ணே, இங்க பன்னெண்டாயிரம்தான் தர்றாக. அங்க மாசம் 14,000 யுவானாம். வீடு ஃப்ரீ, டிக்கெட் ஃப்ரீ. பதிவுக் கட்டணம் மட்டும் எண்பத்தஞ்சாயிரம் கட்டணுமாம். அம்மா சங்கிலிய அடகு வச்சிடலாம்னு இருக்கு. இது நெசந்தானா?" என்று கேட்டான்.

ஒரு யுவான் ஏறத்தாழ 12 ரூபாய். அப்படியானால் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். சீனப் பள்ளிகள் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு இப்படிச் சம்பளம் தருவது உண்மைதான். அந்த வேலை அவனுக்குச் சட்டப்படி கிடைக்குமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அவனுக்குச் சொன்னதையே, அதே நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பிளேஸ்மென்ட் என்றால் என்ன?

சீனப் பள்ளிக்கூடங்கள் வெளிநாட்டு ஆசிரியர்களைத் தாங்களே தேடிப் பிடிப்பது குறைவு. நடுவில் ஒரு நிறுவனம் இருக்கும். அது விண்ணப்பம் வாங்கி, வீடியோவில் நேர்காணல் நடத்தி, ஆளை ஒரு பள்ளியோடு சேர்த்துவிடும். இதைத்தான் பிளேஸ்மென்ட் என்கிறார்கள். பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம். வாரத்துக்கு இருபது வகுப்பு வாக்கில் இருக்கும். தங்க வீடோ வாடகைப் படியோ தருவார்கள். டிக்கெட் பணத்தை ஒப்பந்தம் முடியும்போது திருப்பிக் கொடுப்பது வழக்கம்.

ஆளைச் சேர்த்துவிட்டதற்கான கூலியைப் பள்ளியே அந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். பயிற்சி, தங்குமிடம், விசாச் செலவு என்று விவரம் சொல்லி ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும் திட்டங்களும் உண்டு. எதற்கு என்றே சொல்லாமல் பெரிய தொகையை முதலில் கட்டச் சொன்னால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

சிக்கல் பாஸ்போர்ட்டில் இருக்கிறது

சீன அரசு வெளிநாட்டு வேலையாட்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்து அனுமதி தருகிறது. 2017 முதல் நாடு முழுவதும் இதுதான் முறை. மொழி ஆசிரியர்கள் பி வகையில் வருவார்கள். அவர்களுக்கென்று தனி விதி உண்டு: தங்கள் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், அந்த மொழி பேசும் நாட்டில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும், இரண்டு ஆண்டு மொழி கற்பித்த அனுபவம் வேண்டும். கல்வியியல் பட்டமோ, மொழிப் பட்டமோ, டெஃபல் போன்ற சர்வதேச மொழி ஆசிரியர் சான்றிதழோ இருந்தால் அனுபவத்தில் மட்டும் விலக்கு கிடைக்கும்.

ஆங்கிலம் எந்த நாட்டின் தாய்மொழி? நடைமுறையில் சீன அலுவலகங்கள் ஏழு நாடுகளையே கணக்கில் எடுக்கின்றன: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியா இதில் இல்லை. நம் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்திருக்கலாம், ஆங்கில இலக்கியத்தில் தங்கப் பதக்கமே வாங்கியிருக்கலாம். இந்தக் கணக்கில் அது எடுபடாது. அந்த ஏழு நாடுகளில் ஒன்றில் பட்டம் பெற்ற பிற நாட்டவருக்குச் சில ஊர்களில் அனுமதி கிடைப்பதுண்டு. அதுவும் அந்தந்த ஊர் அலுவலகத்தின் முடிவு.

இது நமக்கு மனக்கஷ்டம் தரும் விதிதான். திறமையைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்ப்பது நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் போகிற நாட்டின் விதி அது. அதை மறைத்து ஆள் சேர்ப்பவர்தான் நம் பிள்ளைக்கு முதல் கெடுதலைச் செய்கிறார். "டெஃபல் கோர்ஸ் முடிச்சிட்டா இந்தியப் பாஸ்போர்ட்டும் ஓகே" என்று சொல்லிச் சான்றிதழை விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் அனுபவக் குறையை ஈடுகட்டும். பாஸ்போர்ட்டை மாற்றாது.

முறையான பாதை எப்படி இருக்கும்?

சீனாவில் சம்பளம் வாங்கி வேலை செய்ய இசட் விசா வேண்டும். அதற்கான படிகள் இவை.

முதலில், வேலை தரும் பள்ளி தன் ஊர் அரசு அலுவலகத்தில் உங்கள் பெயரில் விண்ணப்பிக்கும். ஒப்புதல் ஆனதும் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வரும். அதைக் காட்டித்தான் இந்தியாவிலிருந்து இசட் விசா எடுக்க முடியும். கடிதம் வராமல் இந்த விசா கிடையாது.

சீனாவில் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கும் இடத்தைப் போலீசில் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் நாம்தான் போக வேண்டும். 15 நாளுக்குள் வேலை அனுமதிக்கு விண்ணப்பம். மருத்துவப் பரிசோதனையும் இதற்கிடையே முடிய வேண்டும். இறங்கிய 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிம்மதியாக ஓராண்டு வேலை பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வேலை அனுமதி ஒரு நிறுவனத்தின் பெயரில்தான் வரும். அனுமதியில் ஒரு பெயரும் வகுப்பெடுப்பது வேறொரு பள்ளியிலும் என்றால், இசட் விசா இருந்தாலும் அது சட்டமீறல்தான். தம்பி கொண்டுவந்த தாளை விரித்துப் பார்த்தோம். மேலே ஒரு கன்சல்டன்சியின் பெயர். கீழே முத்திரையில் வேறொரு கம்பெனி. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று எங்குமே இல்லை. விசா என்ற தலைப்புக்கு நேராக 'எம்' என்று ஓர் எழுத்து. எம் என்பது வியாபாரத்துக்குப் போய் வருகிறவர்களின் விசா.

"முதல்ல வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்"

ஏஜெண்டுகள் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எம் விசா, சுற்றுலாவுக்கான எல் விசா, படிப்புக்கான எக்ஸ் விசா, இவை எதிலும் பள்ளியில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். கல்லூரியும் அரசு அலுவலகமும் அனுமதிக்காமல் பகுதிநேரமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாலும் அது சட்டவிரோத வேலைதான்.

பிடிபட்டால் என்ன ஆகும்? 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சீனக் குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதியின்றி வேலை செய்த வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். நம் பணத்தில் சுமார் 60,000 ரூபாயிலிருந்து 2,40,000 ரூபாய் வரை. கடுமையான மீறல் என்றால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு, நாட்டை விட்டு அனுப்பவும் செய்யலாம். வேலை கொடுத்தவருக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கும் அபராதம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தங்கள் ஊரில் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டோடு காவல் நிலையத்தில் உட்கார வேண்டியவர் நம் பிள்ளை.

பிடிபடாமலே இருந்தாலும் தொல்லை தீராது. சம்பளம் தராவிட்டால் புகார் சொல்ல வழியில்லை, புகார் சொன்னால் முதலில் கேட்பது வேலை அனுமதியைத்தான். வரி கட்டிய ரசீது இல்லாமல் வங்கி வழியே பெரிய தொகையை ஊருக்கு அனுப்பவும் முடியாது. போனதே வீட்டுக்குப் பணம் அனுப்பத்தானே?

2021-க்குப் பிறகு மாறியது

பழைய கதைகளைச் சொல்லி ஆசை காட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சீனாவின் பெரிய நகரங்களில் தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் டியூஷன் மையங்கள் இருந்தன. 2021 ஜூலை மாதம் சீன அரசு 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. வீட்டுப்பாடச் சுமையையும் டியூஷன் சுமையையும் குறைப்பது அதன் நோக்கம். ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாட டியூஷன் நடத்தி லாபம் பார்ப்பது தடைசெய்யப்பட்டது. வார விடுமுறையிலும் பண்டிகை விடுமுறையிலும் அந்த வகுப்புகள் கூடாது என்றானது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் வேலையும் அதோடு போயிற்று. பல மையங்கள் மூடின. இன்றைக்கு நிலையான வேலை என்றால் அது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும்தான், அங்கே காகிதங்களைக் கறாராகப் பார்க்கிறார்கள்.

நம் பக்கம் செய்ய வேண்டியவை

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எவரும், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஏஜெண்டின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அது நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். உரிமம் உள்ளவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். தம்பியிடம் கேட்ட எண்பத்தைந்தாயிரம் எங்கே, இது எங்கே? கொடுக்கும் எந்தத் தொகைக்கும் ரசீது வேண்டும், அதுவும் வங்கி வழியாகவே போக வேண்டும்.

சீனாவுக்குப் போகப் பட்டப்படிப்புச் சான்றிதழையும் போலீஸ் நற்சான்றையும் அத்தாட்சி செய்து கேட்பார்கள். போலீஸ் நற்சான்றுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தார் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவுத் துறை, சீனத் தூதரகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். தூதரகம் போகாமல் ஒரே முத்திரையில் ஆவணங்களை ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கை, சீனாவில் 2023 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனாலும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே "அப்போஸ்டில் போட்டாலே போதும்" என்று சொல்கிறவரிடம் இன்னொரு முறை விசாரியுங்கள்.

ஒப்பந்தம் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தகராறு வந்தால் பெரும்பாலும் சீனப் பிரதிதான் செல்லும். அதைத் தெரிந்தவரிடம் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாஸ்போர்ட்டைப் பள்ளியோ ஏஜெண்டோ வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெற்றவர்களுக்குப் பெரியது: சீனாவில் வாட்ஸப்பும் கூகுளும் தடைசெய்யப்பட்டவை. அங்கே எல்லாம் வீசாட்தான். அதுவோ 2020 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. போகும் முன்பே இரண்டு பக்கமும் இயங்கும் வழி எது என்று விசாரித்து, அம்மாவின் போனில் பேசிப் பழக்கிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் போன அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள்.

வேறு கதவுகள் உண்டா?

உண்டு. சீனாவிலேயே சர்வதேசப் பள்ளிகள் கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துகின்றன. பாட ஆசிரியருக்குத் தாய்மொழி விதி பொருந்தாது. எம்.எஸ்சி., பி.எட். முடித்து இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ள இந்தியர்கள் இந்த வழியில் முறையான வேலை அனுமதி பெறுகிறார்கள்.

இங்கிலீஷ்தான் கற்பிக்க வேண்டும் என்றால் தென்கொரியாவைப் பாருங்கள். இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் உதவி ஆசிரியராக விண்ணப்பிக்க அதில் இடமிருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் வழி நேரானது. பாடமொழி ஆங்கிலமாக உள்ள மாலத்தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நெடுங்காலமாக வேலை பார்க்கிறார்கள். வேலை அறிவிப்புகளை விசாரிக்க, 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தாய்லாந்து வேலை என்று வந்தால் இருமடங்கு விசாரியுங்கள். 2022-இல் அங்கே கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள்.

நம் கடற்கரைக்குச் சீனா புதிய திசை இல்லை. தெற்கே ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே போன நம்மவர்கள் அரசனின் அனுமதியோடு கோயில் கட்டி, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். அயல் மண்ணில் தலைநிமிர்ந்து நிற்க அன்றைக்கும் அனுமதி வேண்டியிருந்தது.

அன்று மாலையே தம்பி அந்த ஏஜெண்டுக்கு ஒரு செய்தி அனுப்பினான்: "என் பெயரில் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வந்த பிறகு பணம் கட்டுகிறேன். பள்ளியின் பெயரையும் உங்கள் உரிம எண்ணையும் அனுப்புங்கள்." கால் மணி நேரத்தில் பதில் வந்தது: "சீட் முடியப் போகுது, இன்னைக்கே கட்டுங்க." கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. அவன் போனை என்னிடம் காட்டினான். நான் எதுவும் சொல்லவில்லை, அவனுக்கே விளங்கிவிட்டது. இப்போது கொரியாவுக்கான விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறான். கிடைக்குமா என்று இனிமேல்தான் தெரியும். சங்கிலி அவன் அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.