மணவாழ்வில் சேரும் சொத்தும் அதைக் காக்கும் ஆவணங்களும்

கணவனும் மனைவியும் தங்கள் சொத்துரிமை குறித்து எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் பொதுவாக மூன்று வகைப்படும்: மணம் முடிப்பதற்கு முன் எழுதப்படுவது திருமண முன் ஒப்பந்தம், மணமான பின் குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதப்படுவது திருமணப் பின் ஒப்பந்தம், பிரிவது என்று முடிவான பிறகு எழுதப்படுவது பிரிவு ஒப்பந்தம். பேச்சில் அதிகம் அடிபடுவது முதல் வகையே எனினும், மலேசியச் சட்டத்தில் அதற்குத்தான் உறுதி குறைவு. மூன்றாம் வகைக்கே உறுதி மிகுதி. கெடா மாநிலத்தின் தோட்டங்களிலிருந்து நகரங்களுக்கு வந்து முதன்முறையாகச் சொந்த வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை, இம்மூன்றையும் விட, ஒப்பந்தம் என்று யாரும் பெயரிட்டு அழைக்காத சில எளிய தாள்களே சொத்தைக் காக்கின்றன என்பது தொடர்புடைய சட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகிறது.

லயத்திலிருந்து தாமானுக்கு

கெடாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு நெடுங்காலம் அசையாச் சொத்து என ஒன்று இருந்ததில்லை. அவர்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. ஆகவே குடும்பத்தின் செல்வம் என்பது மனைவியின் நகை, கூட்டுப் பிடித்துச் சேர்த்த பணம், 1951 இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியில் இருந்த தொகை ஆகியவற்றோடு முடிந்துவிட்டது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையையும் இருப்பிடத்தையும் ஒருசேர இழந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கத் தலைப்பட்டது; அது முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தையே. பங்குச் சீட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கும் என்றாலும், அந்தப் பங்குப் பணம் இருவரும் பால் வெட்டிய கூலியிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் இருந்தது.

1996 இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் சுங்கைப் பட்டாணியின் தொழிற்சாலைகளும் அடுத்த தலைமுறைக்கு மாதச் சம்பளத்தைத் தந்தன. பாடாங் செராய், லூனாஸ், பீடோங் வட்டாரங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வீடு வாங்குவதும் வழக்கமாயிற்று. அந்த வீடு வாங்கப்படும் முறையில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. முன்பணத்துக்கு மனைவியின் நகை அடகுக்கடைக்குச் செல்கிறது. வங்கிக் கடன், சம்பளச் சீட்டு வலுவாக உள்ள கணவன் பெயரில் எழுதப்படுகிறது. மாதத் தவணை அவர் கணக்கிலிருந்து கழிக்கப்பட, மளிகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துச் செலவு ஆகியவை மனைவியின் சம்பளத்தில் கரைகின்றன. பத்து ஆண்டுகள் சென்றபின் வங்கி ஏடுகளைப் புரட்டுபவருக்கு வீட்டை வாங்கியவர் ஒருவராகவே தெரிவார்.

சட்டம் சொல்வது

மணமான பெண் தன் பெயரில் சொத்து வாங்கவும், வைத்திருக்கவும், விற்கவும், ஒப்பந்தம் செய்துகொள்ளவும் 1957 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சட்டம் உரிமை அளித்தது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தையும் மணவிலக்கையும் நெறிப்படுத்துவது 1976 இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தச் சட்டமாகும். அதன் 76 ஆம் பிரிவு, மணவிலக்கு வழங்கும்போது மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பங்கிட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தொடக்கத்தில் இப்பிரிவு, இருவர் உழைப்பில் சேர்ந்த சொத்தையும் ஒருவர் உழைப்பில் மட்டும் சேர்ந்த சொத்தையும் வேறு வேறாக வைத்து, பின்னதில் சம்பாதித்தவருக்கே கூடுதல் பங்கு அளித்தது. 2018 டிசம்பர் 15 முதல் நடப்பிலுள்ள திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. பணமாகவோ சொத்தாகவோ உழைப்பாகவோ ஒவ்வொருவரும் அளித்த பங்கு, குடும்பச் செலவுகளை ஏற்றது, சொத்தைத் தாம் வாங்காதவர் வீட்டையும் குடும்பத்தையும் பேணியது, இருவர் நலனுக்காகவும் வாங்கிய கடன், வயது வராத பிள்ளைகளின் தேவை, மணவாழ்வு நீடித்த காலம் ஆகியவற்றைக் கருதி, அவற்றுக்கு உட்பட்டுச் சமபங்கின் பக்கமே நீதிமன்றம் சாய வேண்டும் என்பது இன்றைய நிலை. மளிகைக் கடைக்குச் சென்ற சம்பளமும் இதனால் கணக்கில் வருகிறது. மணத்துக்கு முன்பே ஒருவருக்கு இருந்த வீடு கூட, மற்றவரின் முயற்சியாலோ இருவரின் முயற்சியாலோ மணவாழ்வில் கணிசமாக மேம்படுத்தப்பட்டிருந்தால் பங்கீட்டுக்கு உட்படும்.

இந்தப் பாதுகாப்பு அனைத்துக்கும் வாசல், திருமணப் பதிவு. 1982 மார்ச் 1 க்கு முன் சமய முறைப்படியோ வழக்காற்றின்படியோ நடந்து செல்லுபடியான திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே கருதுகிறது. அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. தேசியப் பதிவு இலாகாவிலோ, துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர் உள்ள கோயிலிலோ பதிவு செய்யாத தம்பதியர், பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருப்பினும் 76 ஆம் பிரிவின் துணையை நாட இயலாமல் போகலாம்.

வாக்குறுதியும் ஒப்பந்தமும்

கணவன் மனைவிக்கிடையிலான ஒப்பந்தங்களை ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபு ஐயத்தோடுதான் பார்த்துவந்துள்ளது. இதற்கு அடித்தளமான வழக்கு இலங்கையோடு தொடர்புடையது. அங்கு நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய பால்ஃபோர் என்னும் ஆங்கிலேயர், உடல்நலம் கருதி இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்ன வாக்கு, சட்டப்படி கட்டுப்படுத்தும் நோக்கமின்றிக் குடும்பத்துக்குள் சொல்லப்பட்டது என்று 1919 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. 1970 இல் வந்த மெரிட் வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது: பிரிந்துவிட்ட மனைவியை ஒரு காரில் சந்தித்த கணவர், வீட்டுக் கடனின் எஞ்சிய தவணைகளை மனைவி செலுத்தி முடித்தால் வீட்டை அவர் பெயருக்கு மாற்றித் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார், அந்தத் தாள் அவரைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பாயிற்று. ஒற்றுமையாக வாழும்போது சொல்லும் சொல்லை நீதிமன்றம் குடும்பப் பேச்சாகவும், பிரிந்தபின் எழுதும் எழுத்தை ஒப்பந்தமாகவும் கருத முற்படுகிறது என்பதே இவ்விரு வழக்குகளின் சாரம்.

திருமண முன் ஒப்பந்தம் தானாகவே செல்லும் என்று கூறும் விதி மலேசியத் திருமணச் சட்டத்தில் இல்லை. பொதுக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் 1950 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பங்கீட்டை முடிவு செய்யும் அதிகாரமும் நீதிமன்றத்திடமே உள்ளது. அயல்நாடுகளில் போக்கு சற்று நெகிழ்ந்திருக்கிறது: சிங்கப்பூரின் சட்டம், பங்கீட்டின்போது கருத வேண்டியவற்றுள் தம்பதியர் மணத்துக்கு முன்போ பின்போ செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் சேர்த்துள்ளது, பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2010 இல் ராட்மாக்கர் வழக்கில், விளைவுகளை முழுமையாக அறிந்து இருவரும் விருப்பத்தோடு செய்த ஒப்பந்தத்துக்கு, அது அநீதியாக முடியாதவரை, உரிய மதிப்பு அளிக்க வேண்டும் என்றது. இந்த அயல்நாட்டுச் சட்டமும் தீர்ப்பும் மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை எனினும், வாதத்துக்குத் துணையாகக் காட்டத்தக்கவை.

ஆகவே, ஒப்பந்தம் எழுத விரும்புவோர் கவனிக்க வேண்டியவை அத்தீர்ப்பிலிருந்தே புலப்படும். இருவரும் சொத்தையும் கடனையும் ஒளிக்காமல் பட்டியலிட வேண்டும். ஆளுக்கொரு வழக்கறிஞரின் ஆலோசனை பெற வேண்டும். அழைப்பிதழ் கொடுத்து மண்டபமும் பதிவான பிறகு நீட்டப்படும் தாளில் இட்ட கையொப்பம் வற்புறுத்தலின் விளைவு என்று பின்னர் வாதிடப்படக்கூடும் என்பதால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடிப்பது நல்லது. முத்திரைத் தீர்வை செலுத்தப்படாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது. யார் எதைக் கொண்டுவந்தார், வீட்டின் முன்பணத்துக்கு யாருடைய நகை விற்கப்பட்டது, தந்தையின் சேமநிதிப் பணம் அன்பளிப்பாக வந்ததா கடனாக வந்ததா என்பனவற்றைப் பதிவு செய்யும் ஒப்பந்தம், ஒருவருக்கு எதுவுமே கிடைக்காது என்று எழுதும் ஒப்பந்தத்தை விடப் பயன் மிக்கது. பின்னது நீதிமன்றத்தில் தோற்றாலும், முன்னது பங்களிப்புக்கான சான்றாக எஞ்சி நிற்கும்.

பட்டாவிலுள்ள பெயர்

கிராண்ட் எனப்படும் நிலப்பட்டாவில் இருவர் பெயரும் இருந்தால், ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு பாதிபாதி என்றோ வேறு விகிதமாகவோ அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். திருமண முன் ஒப்பந்தத்தின் நோக்கத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு வரி நிறைவேற்றிவிடுகிறது. ஆயினும் இதில் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு: இருவரில் ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். 1965 ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி கூட்டு உரிமையாளர்கள் தனித்தனிப் பங்குகளையே வைத்திருக்கின்றனர். இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். உயில் இல்லாவிட்டால் 1958 ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம், துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் உயிரோடிருக்கும் நிலையில், துணைவருக்குக் கால் பங்கும் பெற்றோருக்குக் கால் பங்கும் பிள்ளைகளுக்குப் பாதியும் அளிக்கிறது. உயில் எழுதியிருந்தாலும், அதன்பின் மணம் முடித்தால் அந்த உயில் பொதுவாக ரத்தாகிவிடும். குறிப்பிட்ட அத்திருமணத்தை எதிர்நோக்கி எழுதியதாக அதிலேயே கூறப்பட்டிருந்தால் மட்டுமே அது நிற்கும்.

ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அல்லாதவர் செய்யும் நியமனமும் இத்தகைய ஒரு தாளே. நியமிக்கப்பட்டவரே அத்தொகையின் பயனாளி ஆகிறார். வேலைக்குச் சேர்ந்த நாளில் தாயின் பெயரை எழுதியவர், மணமானபின் அதைப் புதுப்பிப்பதைக் குறித்து மனைவியோடும் தாயோடும் பேசி முடிவெடுப்பது ஒப்பந்தத்துக்கு ஈடான பாதுகாப்பாகும். காப்புறுதியில் மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால், அத்தொகை அவர்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது பிறர் நலனுக்கென ஒதுக்கிவைக்கப்பட்ட சொத்தாகக் கருதப்படுவதால், காப்பீடு செய்தவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது.

பிரியும்போது எழுதுவது

மணமாகி ஈராண்டு கடந்த தம்பதியர் இருவரும் இணங்கிக் கூட்டு மனு வழியாக மணவிலக்கு கோரலாம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்று நீதிமன்றம் நிறைவடைந்தால் அந்த இணக்கம் ஆணையாகிறது. அதன்பின் அது வெறும் ஒப்பந்தமாக நில்லாமல் மீறினால் நடவடிக்கைக்கு உரியதாகிறது. அப்போதும் சில எல்லைகள் உண்டு. எதிர்கால வாழ்க்கைப்படிக்கு ஈடாக ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுவிடுவதாக எழுதினால், நீதிமன்றத்தின் ஒப்புதல் இன்றி அது நிறைவாகாது. சூழ்நிலை பெரிதும் மாறினால் வாழ்க்கைப்படி குறித்த உடன்பாட்டையும், நலன் கருதிப் பிள்ளைகள் குறித்த உடன்பாட்டையும் நீதிமன்றம் மாற்றியமைக்கலாம். வழக்கறிஞர் கட்டணம் கட்ட இயலாதோருக்கு, அலோர்ஸ்டாரிலும் கிளை வைத்துள்ள அரசாங்கச் சட்ட உதவித் துறை, வருமான வரம்புக்கு உட்பட்டுக் குடும்ப வழக்குகளில் துணை செய்கிறது.

கெடாவின் தமிழ் முஸ்லிம்களுக்கு 1976 ஆம் ஆண்டின் அந்தத் திருமணச் சட்டம் பொருந்தாது. அவர்களின் மணவாழ்வுச் சொத்து, மாநிலத்தின் 2008 ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின்படி, ஹர்த்தா செப்பெஞ்சாரியான் என்னும் தேடிய சொத்து முறையில் ஷரியா நீதிமன்றத்தில் பங்கிடப்படுகிறது. இதையொத்த கருத்து தமிழருக்கும் புதிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முன்னோர் வழி வரும் முதுசொம், பெண் கொண்டுவரும் சீதனம், மணவாழ்வில் இருவரும் ஈட்டும் தேடிய தேட்டம் என்று சொத்தை வகைப்படுத்தி, தேடிய தேட்டத்தில் இருவருக்கும் உரிமை வகுத்தது. எது யாருடையது, எது இருவருடையது என்று வேறுபடுத்திக் குறித்துவைப்பதே அதன் அடிப்படை; மலேசியாவின் இன்றைய சட்டம் கேட்பதும் அதுவேயாகும்.

திருமண முன் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் தனி விதி வகுக்கும் வரை, கெடாவின் தாமான்களில் குடியேறும் தம்பதியருக்கு மிக உறுதியான ஏற்பாடு, பதிவு செய்த திருமணம், இருவர் பெயரும் பங்கும் தெளிவாக உள்ள பட்டா, புதுப்பித்த நியமனங்கள், மணத்துக்குப் பின் எழுதிய உயில், பங்களிப்புக்கான ரசீதுகள் என்ற வரிசையே. நகையை அடகு வைத்த சீட்டும் அந்த ரசீதுகளில் அடங்கும். நகை மீட்கப்பட்ட பிறகும் அந்தச் சீட்டின் நகலைப் பட்டாவின் நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்திய மனைவி, வீட்டின் விலையில் தன் பங்கு எவ்வளவு என்பதை மெய்ப்பிக்க ஒரு சாட்சியையும் தேட வேண்டியிராது.