குடிகாரக் குருவும் குறைப்பட்ட ஏடும்

தவறு செய்த மாணாக்கனைத் தண்டிப்பது ஆசிரியன் தொழில். தவறு செய்த ஆசிரியனைத் தண்டிப்பார் யார்? அவன் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள வேண்டியதுதான். இக்கட்டுரை அவ்வகையைச் சேர்ந்தது.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை நடத்திக்கொண்டிருந்தேன். நகை என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. பிறரை எள்ளுதலாற் பிறப்பது ஒன்று. இளமையின் துடுக்காற் பிறப்பது ஒன்று. அறிவின்மையாகிய பேதைமையாற் பிறப்பது ஒன்று. பிறர் அறிவித்தால் அறிந்து, அறிந்ததை விடாது பற்றிக்கொள்ளும் மடனாற் பிறப்பது ஒன்று. இவற்றை விளக்கிவிட்டு, "உங்கள் அநுபவத்திலிருந்து உதாரணம் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றேன்.

கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, ஜாக்கி சானின்ரை ட்ரங்கன் மாஸ்டர் படத்திலை நாலும் வருகுது" என்றான்.

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "குருவைக் குடிகாரனாக்கிக் கூத்தாடுவதற்கும் தொல்காப்பியத்துக்கும் என்ன உறவு?" என்று சினந்து, மணி அடிக்கும்வரை அவனை வெளியே நிறுத்தினேன்.

படத்தைப் பார்க்காமற் சினந்தேன் என்று எவரும் எண்ண வேண்டா. பார்த்திருந்தேன், அதுவே தவறுக்குக் காரணமாயிற்று. 1980களின் நடுப்பகுதியில், அயலில் ஒரு சாமத்தியச் சடங்கு முடிந்த இரவு, வாடகைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் எடுத்து, மின்பிறப்பாக்கி இரைய, விடியும்வரை முற்றத்தில் மூன்று படங்கள் காட்டினார்கள். அவற்றுள் ஒன்று அது. படியெடுத்த நாடாவைப் பின்னும் படியெடுத்து, அதனையும் எவரோ படியெடுத்தது. ஒவ்வொரு படியிலும் நிறம் கரையும், விளிம்பு மங்கும். சீன முகங்களிலிருந்து ஆங்கிலக் குரல்கள் உதட்டுக்கு ஒவ்வாமல் வந்தன. சிவந்த மூக்கும் கந்தல் உடையுமாக ஒரு கிழவர் குடித்துவிட்டுத் தள்ளாடினார். அவரைக் குரு என்றார்கள். அதற்குமேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை.

சென்ற ஆண்டு கொழும்பில் என் சகோதரியின் மகன் வீட்டிலே தங்க நேர்ந்தது. அவன் அதே படத்தைப் புதிதாய்ச் செப்பஞ்செய்த இறுவட்டிலே காட்டினான். "நான் பார்த்த படந்தானே?" என்றேன். "மாமா, நீங்கள் பார்த்தது இதில்லை" என்றான். பார்த்து முடிந்தபோது அவன் சொன்னதன் உண்மை புலனாயிற்று. படம் நான் பார்த்ததுதான், பாடம் வேறு.

இங்கே அந்தப் படங்களின் வரலாற்றைச் சிறிது கூறுவது முறை.

குங்பூ என்னும் சீனச்சொல் நெடுங்கால உழைப்பினாற் கைவந்த திறனைக் குறிக்கும். சண்டைக் கலைக்கு அது பெயரானது பின்னை வழக்கு. ஹொங்கொங் திரைப்படங்களில் அக்கலை பல்லாண்டுகளாகச் சினத்துக்கும் பழிவாங்கலுக்குமே உரியதாய் இருந்தது. புரூஸ் லீ 1973 யூலை 20 இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்ப அவரைப் போலவே முறைத்துப் பார்க்கும் இளைஞர் பலரைத் தயாரிப்பாளர்கள் தேடினர். அப்படித் தேடப்பட்டவருள் ஒருவர் ஜாக்கி சான். 1976 இல் அவருக்கு அத்தகைய வேடம் அளித்தனர். அது அவருக்குப் பொருந்தவில்லை.

இதற்கிடையில், ஷோ சகோதரர் நிறுவனத்திற் சண்டைப் பயிற்சியாளராயிருந்த லாவ் கா-லியுங் 1975 இல் முதன்முதலாக ஒரு படத்தை நெறிப்படுத்தினார். 'ஸ்பிரிச்சுவல் பொக்ஸர்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். தெய்வம் தன்மேல் ஏறியிருக்கிறது, வாள் தன்னை வெட்டாது என்று ஊரை ஏய்க்கும் இளைஞன் ஒருவனின் கதை அது. குங்பூவும் நகைச்சுவையும் ஒன்றாய்க் கலந்த படங்களுள் முற்பட்டது என அதனைக் கூறுவர். 1978 இல் இங் சீ-யுவென் என்னும் தயாரிப்பாளர், ஜாக்கி சானை அவர் ஒப்பந்தஞ்செய்திருந்த நிறுவனத்திடமிருந்து இரவல் வாங்கி இரண்டு படங்களை எடுத்தார். 'கழுகின் நிழலிற் பாம்பு' என்று பொருள்படும் பெயருடையது முதலாவது. நான் முற்றத்திற் பார்த்தது இரண்டாவது. இரண்டையும் நெறிப்படுத்தியவர் யுவென் வூ-பிங். இரண்டிலும் கிழ ஆசிரியராக நடித்தவர் அவருடைய தந்தையார் யுவென் சியு-தின். மகன் நெறிப்படுத்தத் தந்தை குருவாக நடித்தார் என்பதை நான் அன்று அறியேன். அப்பெரியவர் 1979 தொடக்கத்திற் காலமானார்.

இரண்டாவது படத்தின் கதாநாயகன் வொங் பெய்-ஹுங். இவர் கற்பனைப் பாத்திரமல்லர். 19 ஆம் நூற்றாண்டிற் பிறந்து, தென்சீனத்திலே கைவரிசை ஆசிரியராகவும் வைத்தியராகவும் வாழ்ந்தவர். 1949 முதலாகக் குவான் தக்-ஹிங் என்னும் நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவராக நடித்தார். அவற்றில் எல்லாம் அவர் நிமிர்ந்த நடையும் நிறைந்த ஒழுக்கமும் உடைய ஆசான். அத்தகையவரைக் குறும்புக்காரச் சிறுவனாக்கித் திரையில் விட்டது 1978 ஆம் ஆண்டுப் படம். நாவலர் பெருமானைச் சுவரேறிக் குதிக்கும் சிறுவனாக மேடையேற்றினால் யாழ்ப்பாணம் எவ்வாறு துணுக்குறும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆயின், அந்தச் சிரிப்பு எதனை நோக்கிய சிரிப்பு? இதுவே நான் ஆராயத் தவறிய வினா.

கதையைக் கூர்ந்து நோக்குவோம். தந்தையால் அடக்க முடியாத மகன் கந்தல் உடுத்த கிழவரிடம் ஒப்படைக்கப்படுகிறான். தலைகீழாகத் தொங்கியபடி கீழேயுள்ள நீரைச் சிறு கிண்ணங்களால் அள்ளி மேலேயுள்ள பாத்திரத்தை நிரப்புவது பயிற்சிகளில் ஒன்று. அவன் பொறுக்கமாட்டாமல் ஓடுகிறான். ஓடிய இடத்திற் கொலைஞன் ஒருவனிடம் அடிபட்டு, அவமானப்பட்டுத் திரும்புகிறான். அதன்பின் கிழவர் அவனுக்குக் குடிமயக்கத்தில் ஆடும் எட்டுத் தெய்வங்களின் கைவரிசைகளைக் கற்பிக்கிறார். எட்டாவது ஹோ என்னும் பெண்தெய்வத்துக்குரியது. அதனைப் பெண்சாயல் என்று இகழ்ந்து அவன் பயிலாது விடுகிறான். இறுதிச் சண்டையில் ஏழும் போதாமற் போகின்றன. எட்டாவதைப் பிரயோகி என்கிறார் குரு. கற்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறான் மாணவன். விட்ட பாடத்தை அந்த இடத்திலேயே தானாக ஆக்கிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

மற்றப் படத்திலும் இக்கருத்தே வேறு வடிவில் வருகிறது. பயிற்சிக்கூடமொன்றில் எல்லாராலும் அடிபடும் ஏவலாள் ஒருவன். கிழவர் அவனுக்குப் பாம்பின் வரிசையைக் கற்பிக்கிறார். அது கழுகின் வரிசையை வெல்லப் போதாது. பூனையொன்று பாம்பைக் கொல்வதைக் கண்ட மாணவன், அதன் அசைவைத் தான் கற்றதோடு சேர்த்துக்கொள்கிறான்.

ஆசிரியர்களே, இதிலே குருநிந்தை எங்கே இருக்கிறது? நகைக்கு இடமானவை குருவின் கந்தலும் தள்ளாட்டமுமேயன்றி அவர் கற்பிக்கும் கல்வியன்று. இளைஞனின் குறும்பிலே இளமை. கிழவரின் தோற்றத்தைக் கண்டு அவர் பெறுமதியை அளப்பதிலே பேதைமை. சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதிலே மடன். எட்டாவது வரிசையை இகழ்ந்ததிலே எள்ளல். என் மாணவன் சொன்னது போல நான்கும் இருந்தன. எள்ளியவனே இறுதியில் எள்ளப்படுவது அவற்றுள் நயமானது.

இன்னொன்றும் கூறவேண்டும். படத்தின் சீனப் பெயருக்குக் 'குடிமயக்கக் கைவரிசை' என்பதே பொருள். அது கலையின் பெயர். ஆங்கிலப்படுத்தியோர் அதனைக் குருவின் பெயராக மாற்றினர். அந்தப் பெயரைப் படித்தே நான் குருவை இகழ்ந்த படம் என்று தீர்ப்பெழுதினேன்.

இப்படங்களை ஆக்கியோர் குருகுலக் கல்வியை எட்டநின்று கேலிசெய்தவர்களும் அல்லர். ஜாக்கி சானும் சம்மோ ஹுங்கும் சிறுவயதிலே யூ ஜிம்-யுவென் என்பார் ஹொங்கொங்கில் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் ஒப்படைக்கப்பட்டவர்கள். அங்கே பயிற்சியும் கடுமை, பிரம்பும் கடுமை. அப்பள்ளியைப் பற்றி 1988 இல் ஒரு படம் வெளிவந்தபோது, அதில் ஆசிரியராக நடித்தவர் அவரிடம் அடிவாங்கிக் கற்ற சம்மோ ஹுங்கே. அடிவாங்கியவன் சிரிக்கும் சிரிப்பில் வலியும் உண்டு, நன்றியும் உண்டு. அதனை அறியாமற் சிரிப்பது போலவே, அறியாமற் சினப்பதும் பிழைதான்.

இனி, நாடாவுக்கு வருவோம். இப்படங்கள் அகன்ற திரைக்கென எடுக்கப்பட்டவை. உயரம் ஒன்றாயின் அகலம் 2.35. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ 1.33. நாடாவில் ஏற்றியபோது படத்தின் இருமருங்கையும் வெட்டிப் பெட்டிக்குள் அடக்கினார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பகுதி இவ்வாறு ஒழிந்தது. வசனமே பெரிதான படத்தில் இந்த இழப்பு ஓரளவு பொறுக்கத்தக்கது. குங்பூ நகைச்சுவையிலே சொல் சிறிது, உடலே பெரிது. கிழவரும் மாணவனும் ஒரு கிண்ணத்தைப் பறித்து விளையாடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கைகளும் இரண்டு முகங்களும் ஒருங்கே தெரிந்தாலன்றி அந்த விளையாட்டின் கணக்கு விளங்காது. அடிப்பவனைக் காட்டி அடிபடுபவனை வெட்டிவிட்டால் எஞ்சுவது வெறுங் கையசைப்பு. எதுகையை வைத்துக்கொண்டு மோனையை வெட்டிய செய்யுள் அது.

ஒலியின் கதை இன்னும் சிக்கலானது. அக்காலத்து ஹொங்கொங் படங்கள் பெரும்பாலும் ஒலியின்றிப் படமாக்கப்பட்டு, குரல் பின்னரே சேர்க்கப்பட்டன. கன்டனீஸ் ஒன்று, மண்டரின் ஒன்று, ஏற்றுமதிக்கு ஆங்கிலம் ஒன்று எனப் பல ஒலிகள். ஆதலின் ஒலிக்கு ஒரே மூலபாடம் உண்டென்று துணிதல் எளிதன்று; உடலின் அசைவே மூலபாடம். இறுவட்டுப் பதிப்புகள் சிலவற்றில் கன்டனீஸ் ஒலி இடையிடையே அற்றுப்போய் வேற்றுமொழிக் குரல் புகுவதுண்டு. செல்லரித்த ஏட்டிலே சொல்லொழிந்த இடங்கள் என் நினைவுக்கு வந்தன. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பட்ட பாட்டை ஆண்டுதோறும் மாணவர்க்கு உருக்கமாய்ச் சொல்லுபவன் நான். அதே பாட்டை வேறொரு கலையில் வேறு சிலர் படுகின்றனர் என்பதை மட்டும் அறியாதிருந்தேன்.

ஷோ சகோதரரின் ஏறக்குறைய 760 படங்களைச் செலஸ்டியல் நிறுவனம் பெற்று, செப்பஞ்செய்து, 2002 இறுதி தொடக்கம் இறுவட்டுகளாக வெளியிட்டது. பெரும்பணிதான். ஆயினும் சிலவற்றிற் பழைய ஒலியோடு புதிய ஒலிகளைக் கலந்தார்கள். நாம் இதனை இடைச்செருகல் என்போம். லாவ் கா-லியுங் நெறிப்படுத்தி 1994 இல் வெளிவந்த இரண்டாவது குடிகாரக் குருப் படத்தை 2000 இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது இறுதிக் காட்சியையே நீக்கினர். பின்னணி இசையையும் மாற்றினர். நஞ்சான மதுவருந்திய நாயகன் மதிகெட்டு நிற்பதை நகைப்பாக்கிய காட்சி அது. எனக்கும் அது உவப்பன்று. ஆனாற் பதிப்பாசிரியன் உவவாத பாட்டைக் கிழித்தெறிபவன் அல்லன். அச்சிட்டுவிட்டுக் கீழே தன் கருத்தை எழுதுபவன்.

அண்மைக்காலப் பதிப்புகள் அந்நெறிக்கு நெருங்கி வருகின்றன. 2021 இல் ஆரோ நிறுவனம் ஷோ படங்கள் பன்னிரண்டை ஒரு தொகுதியாக வெளியிட்டது. லாவ் கா-லியுங்கின் 'ஹீரோஸ் ஒவ் த ஈஸ்ற்' என்னும் 1978 ஆம் ஆண்டுப் படம் அதிலே இடம்பெற்றது. சீனக் கணவனும் ஜப்பானிய மனைவியும் எவர் நாட்டுக் கலை உயர்ந்தது என்று பிணங்குவது கதை. ஜப்பானிய வீரர் ஒருவர்பின் ஒருவராய் வந்து மோதுகின்றனர், எவரும் கொல்லப்படுவதில்லை. தோற்றவரின் கலைக்கும் அங்கே மதிப்புண்டு. பகையை நகையாக்குவது இலேசான காரியமா?

ஏட்டுப்பிரதியிலே பிழை கண்டால் புலவனை நாம் பழிப்பதில்லை. வேறு பிரதியைத் தேடுகிறோம். அந்த நீதியை நம்முடைய புலவனுக்கு வழங்கி, அயல்நாட்டுக் கூத்தனுக்கு மறுத்தேன். அதைவிடப் பெரிய பிழை, தேய்ந்த நாடாவின் சாட்சியை நம்பி ஒரு மாணவனைத் தண்டித்தது.

அம்மாணவன் இன்று எந்த நாட்டில் இருக்கிறானோ அறியேன். இப்பகுதி அவன் கண்ணிற் படுமாயின் ஒன்று அறிக. இவ்வாண்டும் மெய்ப்பாட்டியல் நடத்தினேன். நகைக்கு உதாரணமாக நான் சொன்னது அன்று நீ சொன்னதையே. வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன்.