பதவி வந்தால் இருக்கை போகும்

சென்னைக் கடற்கரைக்கு மெரினா என்று பெயர் வைத்த ஆளுநர் மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப், இங்கே வருவதற்கு முன் 24 ஆண்டுகள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்தவர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள எல்ஜின் தொகுதி 1857 முதல் அவரையே தேர்ந்தெடுத்து வந்தது. 1881-இல் அவர் சென்னை மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். எல்ஜினில் இடைத்தேர்தல் வந்தது. ஐந்தே ஆண்டுகளில் அதே கதை திரும்பவும் நடந்தது. 1886-இல் கிங்ஸ் லின் என்ற ஆங்கிலேயத் துறைமுக ஊரின் உறுப்பினர் ராபர்ட் போர்க் சென்னைக்கு ஆளுநரானார். கிங்ஸ் லின் வாக்காளர்கள் மறுபடி வாக்களிக்கப் போனார்கள். அந்த போர்க்தான் பின்னாளில் கன்னிமாரா பிரபு. எழும்பூர் நூலகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தல் என்பதே நமக்குப் பழக்கமான கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் இறப்பு பல காரணங்களில் ஒன்று மட்டுமே. ஆளுநர் பதவி, தந்தையின் மறைவால் வந்து சேரும் பிரபுப் பட்டம், நீதிபதி நியமனம், தேர்தல் வழக்கில் தோல்வி, திவால், ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் கிடைத்த வெற்றி என எதுவும் ஓர் இருக்கையைக் காலியாக்கும். மனநலம் குன்றிய உறுப்பினரின் இடத்தைக் காலி செய்ய 1886-இல் தனிச் சட்டமே போட்டார்கள். இத்தனையிலும் விசித்திரமானது ஒன்று உண்டு. நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால், அந்தக் கணமே அவர் உறுப்பினராக இருக்கும் தகுதியை இழந்தார்.

இதன் வேர் அரசருக்கும் சபைக்கும் இடையே நடந்த பழைய பூசலில் இருக்கிறது. சம்பளமும் பதவியும் கொடுத்து அரசர் உறுப்பினர்களை வளைத்துவிடுவார் என்ற அச்சம் சபைக்கு எப்போதும் இருந்தது. அரசரிடம் ஆதாயம் பெறும் எவரும் சபையில் உட்காரவே கூடாது என்று 1701-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. அப்படியே நடைமுறைக்கு வந்திருந்தால் அமைச்சர் ஒருவர்கூட சபையில் இருந்திருக்க முடியாது. அதனால் 1707-இல் ஒரு சமரசம் செய்தார்கள். பதவியை ஏற்றதும் இருக்கை போய்விடும். ஆனால் அவர் தன் தொகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி நிற்கலாம். அரசரின் சம்பளத்தை வாங்கிக்கொண்ட பிறகும் இவர் நம் ஆள்தானா என்று வாக்காளர்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்பது ஏற்பாடு. அந்த எண்ணத்தில் மறுக்க முடியாத ஒரு நேர்மை இருந்தது.

அதே விதி வேறொரு சிக்கலையும் தீர்த்து வைத்தது. உறுப்பினர்கள் தாமாகப் பதவி விலக முடியாது என்று காமன்ஸ் சபை 1624-இலேயே முடிவு செய்திருந்தது. அப்படியென்றால் போக விரும்புகிறவர் எப்படிப் போவது? பக்கிங்ஹாம்ஷயரில் சில்டர்ன் குன்றுகளை ஒட்டிய மூன்று வட்டாரங்களுக்கு அரசரின் காரியஸ்தர் என்று ஒரு பழைய பதவி இருந்தது. முன்னொரு காலத்தில் காடுகளில் ஒளிந்திருந்த வழிப்பறிக்காரர்களை அடக்குவது அவர் வேலை. கொள்ளையர்கள் போய் வெகுகாலம் ஆகியும் பதவி மட்டும் மிஞ்சியிருந்தது. விலக விரும்பும் உறுப்பினர் நிதியமைச்சரிடம் அதைக் கேட்டு வாங்குவார். ஆதாயம் தரும் அரசுப் பதவி என்பதால் சட்டப்படி இருக்கை காலியாகும். 1751-இல் ஜான் பிட் என்ற உறுப்பினருக்காகத் தொடங்கிய இந்த வழி, அடுத்த நூற்றாண்டில் அன்றாட நடைமுறையாகிவிட்டது. யார்க்‌ஷயரின் நார்த்ஸ்டெட் பண்ணைக் காரியஸ்தர் பதவியும் பிறகு இதே வேலைக்குச் சேர்க்கப்பட்டது.

அமைச்சர்களின் மறுதேர்தல் பெரும்பாலும் சடங்காகவே முடிந்தது. எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள். ஓரிரு வாரத்தில் அமைச்சர் திரும்பி வந்துவிடுவார். 1828-இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று பிரதமர் வெலிங்டன் நம்பினார். வர்த்தக வாரியத் தலைவராக அவர் அப்போது நியமித்த வெசி ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த ஊர் நிலக்கிழார். நல்ல பெயர் எடுத்தவர். கத்தோலிக்கர்களுக்கு உரிமை வேண்டும் என்று சபையில் வாக்களித்தவரும்கூட. அவரை எதிர்த்து டேனியல் ஓகானல் என்ற கத்தோலிக்க வழக்கறிஞர் நின்றபோது நாடே திகைத்தது. கத்தோலிக்கர் தேர்தலில் நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வென்ற பின் எடுக்க வேண்டிய உறுதிமொழிதான் அவர்களை வாசலிலேயே நிறுத்தியது. அவர்களுடைய வழிபாட்டையே பழிக்கும் வாசகங்கள் அதில் இருந்தன.

வாக்குப்பதிவு எனிஸ் நகரில் நடந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் வைத்திருந்த சிறு குடியானவர்களுக்கு அப்போது வாக்குரிமை இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லி வாக்களித்த காலம் அது. நிலக்கிழாரின் பேச்சை மீறினால் மறுநாள் நிலம் போகலாம். அப்படி இருந்தும் பாதிரிமார் முன்னே நடக்க, கிராமம் கிராமமாக வந்து அவர்கள் ஓகானலின் பெயரைச் சொன்னார்கள். அவருக்கு 2,057 வாக்குகள், அமைச்சருக்கு 982. தேர்தல் களத்தில் இதற்கு இணையான துணிச்சலை அந்த நூற்றாண்டில் காண்பது அரிது.

வெற்றி பெற்றவரைச் சபைக்குள் விடாவிட்டால் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூளும் என்று வெலிங்டனும் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலும் அஞ்சினார்கள். 1829 ஏப்ரலில் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் கூடவே இன்னொரு சட்டமும் வந்தது. அயர்லாந்து மாவட்டங்களில் வாக்குரிமைக்கான நில மதிப்பை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக, அதாவது ஐந்து மடங்காக, அது உயர்த்தியது. ஓகானலுக்கு வாக்களித்த குடியானவர்களே தங்கள் வாக்கை இழந்தார்கள். ஓகானலும் உடனே சபையில் அமர முடியவில்லை. புதிய சட்டம் தனக்கு முந்தைய தேர்தலுக்குப் பொருந்தாது என்று சபை சொல்லிவிட்டது. அவர் மறுபடி கிளேருக்குப் போய், போட்டியின்றி வென்று வர வேண்டியிருந்தது.

அதே விவகாரம் பீலையும் விடவில்லை. கத்தோலிக்கர்களுக்கு எதிரானவர் என்ற நம்பிக்கையில்தான் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. நிலைப்பாட்டை மாற்றிக்கொண்ட பின் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது முறையல்ல என்று 1829 பிப்ரவரியில் தானே விலகி, மறுபடி நின்றார். 755-க்கு 609 என்ற கணக்கில் தோற்றார். வெஸ்ட்பரி என்ற சிறு தொகுதி வழியாகச் சபைக்குத் திரும்பினார். கொள்கை மாறினால் வாக்காளரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஃபிட்ஸ்ஜெரால்டைப் போலத் தோற்ற அமைச்சர்கள் வேறு சிலரும் உண்டு. 1835-இல் உள்துறை அமைச்சரான ஜான் ரஸ்ஸல் தெற்கு டெவனில் தோற்று, ஸ்ட்ரவுட் தொகுதியின் உறுப்பினர் விட்டுக்கொடுத்த இடத்தில் நின்று வந்தார். 1846-இல் அயர்லாந்து விவகார அமைச்சராக நியமிக்கப்பட்ட லிங்கன் பிரபுவை எதிர்த்து வேலை செய்தவர் அவருடைய சொந்தத் தந்தை நியூகாசில் கோமகன். தானிய இறக்குமதி வரியை நீக்க மகன் ஆதரவு தந்ததைத் தந்தையால் பொறுக்க முடியவில்லை. தெற்கு நாட்டிங்ஹாம்ஷயரில் மகன் தோற்றார். 1880-இல் வில்லியம் ஹார்கோர்ட் பொதுத் தேர்தலில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் வென்று உள்துறை அமைச்சரானார். அடுத்த மாதமே அதே ஊரில் மறுதேர்தலில் தோற்றார். அவருக்காக டெர்பி தொகுதியைக் காலி செய்து கொடுத்தவர் சாமுவேல் பிலிம்சால். கப்பல்களின் பக்கவாட்டில் இன்றும் வரையப்படும் சுமை எல்லைக் கோட்டுக்காகப் போராடியவர் அவர். ஹார்கோர்ட்டைத் தோற்கடித்தவரின் வெற்றியும் ஊழல் காரணமாகப் பிறகு செல்லாமல் போனது. 1887 ஜனவரியில் நிதியமைச்சர் கோஷன் லிவர்பூலில் தோற்றது ஏழே வாக்குகளில்.

பிரதமர் கிளாட்ஸ்டனும் இந்த விதியில் மாட்டிக்கொண்டார். ஒரு பதவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அமைச்சருக்கு மறுதேர்தல் வேண்டாம் என்று 1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் சொன்னது. 1873-இல் அவர் பிரதமர் பதவியை வைத்துக்கொண்டே நிதியமைச்சர் பதவியையும் ஏற்றார். பதவி மாறவில்லை, கூடுதலாக ஒன்று சேர்ந்தது. அப்படியானால் அவருடைய கிரீனிச் இருக்கை காலியா, இல்லையா? சட்ட வல்லுநர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். விடை கிடைப்பதற்குள், 1874 ஜனவரியில், அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்துப் பொதுத் தேர்தலையே அறிவித்துவிட்டார்.

விலகி, நின்று, வென்று, மறுபடி வாசலில் நிற்பதையே போராட்ட முறையாக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்டை லண்டன் நகரத் தொகுதி 1847-இல் தேர்ந்தெடுத்தது. கிறிஸ்தவ நம்பிக்கையின் பெயரால் உறுதிமொழி எடுக்க அவர் மறுத்தார். 1849-இல் விலகி இடைத்தேர்தலில் பெரும் வித்தியாசத்தில் வென்றார். 1857-இல் திரும்பவும் அப்படியே செய்தார். 1858 ஜூலையில்தான் அவருக்கு இருக்கை கிடைத்தது. நார்தாம்ப்டன் உறுப்பினர் சார்லஸ் பிராட்லா நாத்திகர். 1880-இல் அவர் வென்றதும் சபை அவரை ஏற்க மறுத்தது. 1881, 1882, 1884 என மூன்று இடைத்தேர்தல்களிலும் அந்த ஊர் மக்கள் அவரையே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சபைதான் இறங்கி வந்தது. 1889-இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தவர் இதே பிராட்லாதான். 1891-இல் அவருடைய இறுதிச் சடங்குக்குச் சென்ற இந்திய மாணவர்களில் காந்தியும் ஒருவர்.

இறப்பால் வந்த இடைத்தேர்தல்களில் 1830-இல் லிவர்பூலில் நடந்தது மிகவும் கெட்ட பெயர் எடுத்தது. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் திறப்பு விழாவில், தண்டவாளத்தில் இறங்கி வெலிங்டனோடு பேசப்போன அந்தத் தொகுதி உறுப்பினர் ஹஸ்கிசன், ‘ராக்கெட்’ எஞ்சினில் அடிபட்டு இறந்தார். அவர் இடத்துக்கு நடந்த போட்டியில் வாக்குகள் வெளிப்படையாக ஏலம் போயின. மிகச் சிறு வித்தியாசத்தில் வென்ற வில்லியம் யூவர்ட், லஞ்சப் புகாரின் பேரில் இடத்தை இழந்தார். பிரிட்டனில் பொது நூலகங்களுக்கு வழி திறந்த 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

லஞ்சமும் மிரட்டலும் ஒழிய வேண்டுமானால் வாக்கு இரகசியமாக இருக்க வேண்டும். அதற்கு 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் இரண்டு இடைத்தேர்தல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மாற்றம் விளங்கும்.

முதலாவது, பிப்ரவரியில் அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் நடந்தது. காரணம் இலங்கை. கால்வே உறுப்பினர் வில்லியம் கிரெகரி இலங்கை ஆளுநராக நியமிக்கப்பட்டுக் கொழும்புக்குக் கப்பலேறினார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர், வட மத்திய மாகாணத்தை உருவாக்கியவர் என்று இலங்கையர் அறிந்த அதே கிரெகரி. அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு, அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட கேப்டன் நோலனும், நிலக்கிழார்கள் நிறுத்திய லெ போயர் டிரெஞ்சும் மோதினார்கள். நோலனுக்கு 2,823 வாக்குகள், டிரெஞ்சுக்கு 658. இந்த முடிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கு நீதிபதி கியோவிடம் போனது. 1868 முதல் தேர்தல் வழக்குகளைச் சபைக் குழுவுக்குப் பதில் நீதிபதிகளே விசாரித்து வந்தார்கள். பாதிரிமார் வாக்காளர்களை மிரட்டினார்கள் என்று கூறி நோலனின் வெற்றியை ரத்து செய்த கியோ, 658 வாக்கு வாங்கியவருக்கு இடத்தைக் கொடுத்தார். அயர்லாந்து கொதித்தது, நீதிபதியின் கொடும்பாவிகள் எரிந்தன. 1874 பொதுத் தேர்தலில் நோலனே வென்று வந்தார்.

இரண்டாவது, ஆகஸ்ட் 15 அன்று யார்க்‌ஷயரின் பான்டிஃப்ராக்டில் நடந்தது. அமைச்சரான ஹியூ சில்டர்ஸ் மறுதேர்தலுக்கு வந்திருந்தார். இரகசிய வாக்குச் சட்டம் நிறைவேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தேர்தல் நாள் என்றால் சாராயமும் கைகலப்பும் என்று பழகிப்போன ஊரில், மக்கள் அமைதியாக உள்ளே போய், தாளில் குறியிட்டு, பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். பெட்டியின் அரக்கில் பதித்தது அந்த ஊருக்குப் பேர்போன அதிமதுர மிட்டாய் ஆலையின் முத்திரை. கோட்டையும் ஆந்தையும் அதில் இருந்தன. சில்டர்ஸ் 658, எதிராளி பாலிங்டன் 578. அமைச்சர்கள் மறுதேர்தலுக்கு நிற்க வேண்டும் என்ற பழைய விதி இருந்ததால்தான், புதிய முறைக்கு இவ்வளவு சீக்கிரம் ஒரு சோதனைக் களம் கிடைத்தது.

இடைத்தேர்தல் தோல்வி சிலருக்குத் தொடக்கமாகவும் அமைந்தது. 1888-இல் ஸ்காட்லாந்தின் மிட் லானர்க்கில் முன்னாள் சுரங்கத் தொழிலாளி கெய்ர் ஹார்டி நின்று 617 வாக்குகளோடு மூன்றாம் இடத்துக்குப் போனார். அந்தத் தோல்வி கையோடு ஸ்காட்டிஷ் தொழிற்கட்சியை உருவாக்கியது. 1899-இல் ஓல்டம் தொகுதியின் இரு இடங்களும் ஒன்றாகக் காலியாக, வின்ஸ்டன் சர்ச்சில் தன் முதல் தேர்தலில் நின்று தோற்றார்.

அமைச்சர்களின் மறுதேர்தல் விதியை 1919-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு நீக்கியது. ஆட்சி தடைப்படுகிறது, செலவு அதிகம் என்று சொல்லப்பட்ட காரணங்களில் நியாயம் உண்டு. ஆனாலும் பதவி ஏற்ற மறுநாளே மக்கள் முன் போய் நின்று ஒப்புதல் கேட்கும் கடமை அதோடு போய்விட்டது, அது இழப்புதான். சில்டர்ன் காரியஸ்தர் பதவியை யாரும் தொடவில்லை. 2007-இல் டோனி பிளேரும் 2023-இல் போரிஸ் ஜான்சனும் அதை வாங்கிக்கொண்டுதான் காமன்ஸ் சபையை விட்டு வெளியேறினார்கள்.