வி.பி.என். மறைவில் இணையச் சூதாட்டம்

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு முன்னரே, 2023 நவம்பரில், 22 சூதாட்டச் செயலிகளும் தளங்களும் மத்திய அரசாங்கத்தால் முடக்கப்பட்டன. ஆயினும் வி.பி.என். என்னும் சாதனத்தின் துணைகொண்டு இத்தகைய தளங்களை அடைவோர் உளர். இம்மறைவில் ஆடினால் ஆபத்தில்லை என்னும் எண்ணம் எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வோம்.

இயங்கும் விதம்

ஒருவர் ஒரு தளத்தை நாடும்போது, அவரது வேண்டுகோள் இணையச் சேவை நிறுவனத்தின் வழியே செல்கிறது. தடுக்கப்பட்ட தளமாயின் அந்நிறுவனம் அதனை நிறுத்திவிடும். வி.பி.என். அவ்வேண்டுகோளைச் சங்கேத வடிவமாக்கி, முதலில் வேறொரு நாட்டிலுள்ள சர்வருக்கு அனுப்புகிறது. ஒரு கடிதத்தை இரண்டு உறைகளுக்குள் இட்டு வெளியூர் நண்பருக்கு அனுப்புவதற்கு இது ஒப்பாகும். தபால்காரர் நண்பரின் விலாசத்தை மட்டுமே காண்பார். நண்பர் வெளியுறையைப் பிரித்து, உள்ளுறையைத் தம் ஊரிலிருந்து தபாலில் சேர்ப்பார்.

மறையாதவை

ஆனால் அந்த நண்பருக்கு, அதாவது வி.பி.என். நிறுவனத்துக்கு, அனுப்பியவரும் பெறுபவரும் தெரிந்தே இருப்பர். வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்குமாறு 2022 ஏப்ரலில் சர்ட்-இன் அமைப்பு இந்நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வங்கி வழியே செலுத்திய பணமும் கணக்கில் பதிவாகிவிடும்.

சூதாட்டத்தின் கணக்கும் மாறுவதில்லை. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள் உள. ஓர் எண்ணின் மீது 1 ரூபாய் வைத்து வென்றவருக்கு, வைத்த ரூபாயுடன் சேர்த்துக் கிடைப்பது 36 ரூபாயே. எனவே 100 ரூபாய் பந்தயத்துக்குச் சராசரியாக 2 ரூபாய் 70 காசு நஷ்டமாகும். ஆட்டம் நீள நீள நஷ்டமும் பெருகும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பல வெளிநாட்டுத் தளங்களின் விதிகளே வி.பி.என். உபயோகத்தைத் தடுக்கின்றன. வென்றவர் பணம் கேட்கும்போது அடையாளச் சான்று கோரி, இருப்பிடம் பொருந்தவில்லையெனக் கணக்கை முடக்கிவிடலாம். அப்போது அவர் எங்கே சென்று முறையிடுவார்? சட்டத்தின் கண்ணுக்கு மறைந்தவர், அதன் பாதுகாப்பையும் இழந்தவராகிறார்.

நாம் செய்யத்தக்கது

வி.பி.என். தீய சாதனமன்று, அலுவலக இரகசியங்களைக் காக்க அது பெரிதும் உதவுகிறது. இதனை விளக்கிய பின்னரே ஆபத்தை எடுத்துரைக்க வேண்டும். மேற்கண்ட ரூலெட் கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் மாணவரைக்கொண்டே செய்விக்கலாம். பணம் பறிகொடுத்தோர் வெட்கத்தால் வாளாவிருப்பதுண்டு. அவர்கள் தாமதமின்றி 1930 என்னும் தொலைபேசி எண்ணில் புகார் செய்யுமாறு களப்பணியாளர்கள் தூண்ட வேண்டும்.