பழி கேஸுக்கு, பழுது வேறெங்கோ

பெட்ரோல் காரில் எல்பிஜி கிட் பொருத்திய பிறகு வரும் இன்ஜின் கோளாறுகள் எல்லாமே கேஸால் வருபவை அல்ல. தேய்ந்த பிளக், விரிசல் விட்ட பிளக் ஒயர், காற்றை இழுக்கும் ஹோஸ், குறைந்துபோன கூலன்ட் போன்றவை பெட்ரோலில் ஓடும்வரை பெரிதாக வெளியே தெரியாது. கேஸுக்கு மாறியதும் இவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பழி புதிதாக வந்த கிட்டின் மேல் விழும்.

அதனால் முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஒரே சாலையில், ஒரே கியரில், ஒருமுறை கேஸிலும் ஒருமுறை பெட்ரோலிலும் ஓட்டிப் பார்த்தால் போதும். இரண்டிலும் மிஸ்ஸிங் இருந்தால் இக்னிஷன், கம்ப்ரஷன், காற்றுக் கசிவு என்று இன்ஜினின் பக்கம் தேட வேண்டும். கேஸில் மட்டும் என்றால் ரிடியூசர், ஃபில்டர், மிக்சர் அல்லது இன்ஜெக்டர். அப்போதும் இக்னிஷனை விட்டுவிடக் கூடாது.

எது கோளாறே இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் எல்பிஜியில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். எனவே பெட்ரோலில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த கார் கேஸில் 12 கொடுத்தால் அது இயல்பு. 9-க்கு இறங்கினால்தான் கோளாறு. சிலிண்டருக்குள் போகும் கலவையில் சுமார் 4 சதவீத இடத்தைக் கேஸே பிடித்துக்கொள்வதால், மேட்டில் இழுவை சற்றுக் குறைவதும் எதிர்பார்க்க வேண்டியதே.

கேஸ் வாடை வந்தால் மற்ற எல்லாச் சோதனைகளும் பிறகுதான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. பேஸ்மென்ட் பார்க்கிங், சர்வீஸ் குழி போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்கி நிற்கும். டேங்க் வால்வை மூடிவிட்டு, வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளிச் சென்று, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதே முறை. இந்தியாவில் 2001 முதல் மோட்டார் வாகன எல்பிஜிக்கெனத் தனி ஆணை இருக்கிறது. வீட்டு சிலிண்டரைக் காரில் மாட்டுவது குற்றம். கிட் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், ஆர்.சி.யிலும் பதிவாக வேண்டும். டேங்கை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இனி ரிடியூசர். டேங்கிலிருந்து திரவமாக வரும் எல்பிஜி இங்கேதான் ஆவியாகிறது. திரவம் ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். அதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள உலோகத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த வெப்பத்தை ஈடுகட்டத்தான் ரேடியேட்டரின் சுடுநீர் ரிடியூசர் வழியாகச் சுற்றிவருகிறது. அந்த ஓட்டம் நின்றால் மே மாத வெயிலிலும் ரிடியூசரின் மேல் வெண்பனி படியும். சென்னை மத்தியானத்தில் பானெட்டைத் திறந்து அதைப் பார்ப்பவர் கேஸில்தான் ஏதோ கலப்படம் என்று நினைத்துவிடுவார். உண்மையில் கூலன்ட் குறைந்திருக்கும், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கும். ரிடியூசரை ரேடியேட்டர் மூடியைவிட உயரமான இடத்தில் பொருத்திவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். கிளம்பும்போது நன்றாக ஓடி, ஐந்தாறு கிலோமீட்டரில் திணறி, சற்று நிறுத்திவைத்தால் மறுபடி சரியாகும் கார் என்றால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது ரிடியூசரின் இரண்டு தண்ணீர் ஹோஸ்களை. இன்ஜின் சூடான பின் இரண்டுமே சுட வேண்டும். கூலன்ட் ஊற்ற ஊற்றக் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

ரிடியூசருக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் நாளடைவில் விறைத்துப்போகும். எல்பிஜியோடு வரும் எண்ணெய்ப் பசை போன்ற கசடும் அடியில் சேரும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஆஃப் ஆவது இதன் வழக்கமான அடையாளம். பலர் உடனே ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்பத் தொடங்குகிறார்கள். கசடை வடித்து, ஃபில்டரை மாற்றிவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு கோளாறின் மேல் இன்னொன்றை ஏற்றியதாகிவிடும்.

மாருதி 800, ஆம்னி போன்ற பழைய கார்பரேட்டர் வண்டிகளில் ஒரு கோளாறு ஸ்விட்சைப் போடும் முறையிலேயே இருக்கிறது. ஸ்விட்சின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் கேஸ், நடுவில் வைத்தால் இரண்டுமே வராது. பெட்ரோலிலிருந்து நேராகக் கேஸுக்குத் தள்ளினால், கார்பரேட்டர் கிண்ணத்தில் மீந்திருக்கும் பெட்ரோலும் கேஸும் சேர்ந்து உள்ளே போய் இன்ஜின் மூச்சடைத்து நின்றுவிடும். நடுவில் வைத்து, இருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தடுமாறத் தொடங்கும் நொடியில் கேஸுக்கு மாற்ற வேண்டும்.

கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் கைவிட்டுவிடும். மிக்சர் வகைக் கிட்டில் இதன் விளைவு மிஸ்ஸிங்கோடு முடிவதில்லை. மேனிஃபோல்டு முழுக்கக் கேஸ் கலந்த காற்று நிறைந்திருப்பதால், அந்த நேரத்தில் தீ பின்னோக்கிப் பாய்ந்தால் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் எழும். ஏர் ஃபில்டர் பெட்டி பிளந்துவிடும், காற்றோட்ட சென்சார் இருந்தால் அதுவும் போகும். பிளக்கை மாற்றி, அதன் இடைவெளியைக் கையேட்டில் உள்ளதைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. குறைத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒயர் சந்தேகமாக இருந்தால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாம். கசிவு இருக்கும் இடத்தில் நீலப் பொறி தெறிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் டைமிங்கைச் சில டிகிரி முன்னே நகர்த்துவது வழக்கம். கேஸின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டுவதால் அந்த மாற்றத்தை அது தாங்கும். நம் ஊர் சாதாரணப் பெட்ரோலின் எண் அதைவிடக் குறைவு என்பதால், அளவு மீறினால் பெட்ரோலில் ஓடும்போது நாக்கிங் கேட்கும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் உள்ள சீக்வென்ஷியல் கிட்டில் பேக்ஃபயர் அரிது. அங்கே தொல்லை கேலிபிரேஷனில். காரின் சொந்த ஈ.சி.யு. பெட்ரோல் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்று கணக்கிடும். கேஸ் கம்ப்யூட்டர் அதைத் தன் பெருக்கெண்ணால் மாற்றிக்கொள்ளும். லேப்டாப்பை இணைத்துப் பார்க்கும்போது, பெட்ரோலில் 3.5 ஆக இருந்த நேரம் கேஸுக்கு மாறியதும் 4.5-க்கு ஏறினால் கேஸ் போதவில்லை, ஈ.சி.யு. கூடுதலாகக் கேட்கிறது என்று பொருள். இது நீடித்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு வரும். அதைவிடக் குழப்புவது இன்னொன்று. கேஸில் கற்றுக்கொண்ட தவறான திருத்தத்தை ஈ.சி.யு. பெட்ரோலிலும் தொடரும். கார் கேஸில் ஒழுங்காக ஓடி, பெட்ரோலில் முரண்டு பிடிக்கும். அப்போது பெட்ரோல் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது வீண் செலவு.

பெட்ரோல் பக்கம் உண்மையாகவே கெடுவதும் உண்டு, பயன்படுத்தாமல் போட்டுவைப்பதால். பம்ப் டேங்குக்குள் இருக்கும் கார்களில் அதைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். பல கிட்களில் கேஸில் ஓடும்போதும் அந்தப் பம்ப் சுழன்றுகொண்டே இருக்கும். டேங்க் காய்ந்தால் பம்ப் எரியும். கால் டேங்க் பெட்ரோலாவது இருக்க வேண்டும், தினமும் சில நிமிடங்கள் அதில் ஓட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால் மாதக்கணக்கில் தேங்கவிடுவது நல்லதல்ல.

உண்மையிலேயே கேஸின் கணக்கில் எழுத வேண்டிய சேதம் வால்வு சீட் தேய்மானம். திரவப் பெட்ரோல் தரும் குளிர்ச்சியும் வழவழப்பும் கேஸில் இல்லை. மென்மையான சீட் உள்ள ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி சுருங்கும், ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு ஓடுவதும், அது இரண்டு எரிபொருளிலும் இருப்பதும் இதன் அறிகுறி. கேஸ் குறைவாகக் கலந்து ஓடும் இன்ஜினில் இது விரைவாக நடக்கும். 20,000 கி.மீ.க்கு ஒருமுறை டேப்பட் இடைவெளியை அளந்து சரிசெய்தால் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். கம்ப்ரஷன் ஏற்கெனவே இறங்கிவிட்டால் ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய சீட் வளையம் அடிக்க வேண்டியதுதான்.