கொக்கி ஊசியும் ஒரு கண்டு நூலும்

நம் தீவுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பாட்டிமாரும் அத்தைமாரும் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருக்கின்றனர். கைவேலையோ ஏட்டைப் படித்து எளிதில் வருவதன்று. ஒருத்தி பின்ன, மற்றொருத்தி அருகே அமர்ந்து அவள் விரல்களைப் பார்த்துப் பழகுவது. அந்த அருகாமை இல்லாத காரணத்தால், குரோஷா வேலை கற்க விரும்பும் நம் சகோதரிகள் பலர் ஊசியும் நூலும் வாங்கி, இரண்டு நாள் முயன்று, மூன்றாம் நாள் பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றனர். அப்பெட்டியை மீண்டும் திறக்கச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குரோஷா என்பது சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. முனையில் கொக்கி உடைய ஒரே ஓர் ஊசியால் நூலை இழுத்துக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டே செல்வதுதான் இவ்வேலை முழுவதும். இரண்டு ஊசி கொண்டு கம்பளிச் சட்டை பின்னுகிறவர்களுக்கு ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினாலும் துன்பம். குரோஷாவில் ஊசியில் நிற்பது ஒரே கண்ணி. அடுப்பில் பால் பொங்கினால் அந்த ஒரு கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டு எழுந்து போகலாம். இல்லத்தரசிகளுக்கு இதனினும் இணக்கமான வேலை வேறில்லை என்பது என் துணிபு.

முதலில் ஊசி. மெல்லிய எஃகு ஊசியும் வெள்ளை நூலும் கொண்டு மேசை விரிப்புப் பின்னிய பழைய கைவேலையைப் பார்த்து மயங்கி, அதனையே முதல் நாளில் தொடங்குகிறவர்கள்தாம் விரைவில் சலிப்படைகின்றனர். மேலும் நம் உப்புக் காற்றில் எஃகு துருப்பிடிக்கும். துருவின் கறை வெள்ளை நூலில் ஏறினால் போகாது. ஆதலால் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள அலுமினிய ஊசி ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். நீலகிரியில் கேத்தி என்னும் ஊரில், 1949ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நீடில் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஊசித் தொழிற்சாலை உண்டு. ‘போனி’ என்னும் பெயருடைய ஊசிகள் அதன் வழி வந்தவை. நூலில் சற்றுத் தடித்த பருத்தி நூலையே தேர்க. கம்பளி நூல் நம் வெப்பத்திற்கு ஒவ்வாது. கறுப்பும் கருநீலமும் வேண்டா. கண்ணி எங்கே இருக்கின்றது என்று கண்ணுக்குத் தெரியாது. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரின் அபர்தீன் கடைவீதிக்குச் செல்வோர், இளநிறமும் முறுக்கு பிரியாத தன்மையும் உடைய நூலாகக் கேட்டு வாங்குக.

இனி வேலை. நூலின் நுனியில் ஓர் உருவு சுருக்கு இட்டு ஊசியில் மாட்டுக. கண்டிலிருந்து வரும் நூலை இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேல் எடுத்துச் செல்க. இந்தச் சுற்றே நூலுக்குக் கடிவாளம். ஊசியின் மேல் நூலைச் சுற்றி, கொக்கியால் பிடித்து, ஊசியிலுள்ள கண்ணியின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலி பிறக்கும். அவ்வாறே இருபத்தொரு சங்கிலி போடுக. தொடக்கத்தில் எல்லோரும் இதனை இறுக்கமாகவே போடுவர். பின்பு அதனுள் ஊசி நுழையாது. சங்கிலிக்கு மட்டும் ஒரு படி பெரிய ஊசியைப் பயன்படுத்தினால் இத்தொல்லை தீரும்.

இப்பொழுது ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஊசியைச் செலுத்தி, நூலை இழுத்து வெளியே கொணர்க. ஊசியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒருசேர இழுத்தால் ஒரு பின்னல் முடிந்தது. கடைசிச் சங்கிலி வரை சென்றால் இருபது பின்னல். ஒரு சங்கிலி போட்டு, வேலையைத் திருப்பி, மறு வரிசையிலும் அதே இருபது. திரும்பும்போது போட்ட சங்கிலியைக் கணக்கில் சேர்க்க வேண்டா.

எண்ணுவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது. சதுரமாகத் தொடங்கிய துண்டு முக்கோணமாக முடிந்தது என்று குறைபடுவோர் அனைவரும், வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டுத் திரும்பியவர்களே. அக்கண்ணி ஓரத்தில் சற்றே ஒளிந்து நிற்கும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் வாய்விட்டு எண்ணுக. வீட்டார் நகைத்தால் நகைக்கட்டும். துண்டை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்து, ஓரங்கள் பொருந்தும்போது நிறுத்துக. நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணியின் வழியே இழுத்து இறுக்கி, எஞ்சிய நுனியைத் தையல் ஊசியால் பின்னலுக்குள் செருகிவிடுக. சூடான பாத்திரம் இறக்க ஒரு துண்டு ஆயிற்று. இடக்கைப் பழக்கமுள்ள பெண்மக்கள், கற்பிப்பவரின் பக்கத்தில் அமராமல் எதிரே அமர்ந்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் எளிதில் கற்பர்.

ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துப் பின்னத் தொடங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்று குறிப்பதனையே இங்கிலாந்தினர் ‘டபிள்’ என்பர். அமெரிக்கரின் ‘டபிள்’ இங்கிலாந்தில் ‘டிரெபிள்’. புத்தகம் எந்நாட்டது என்று அறியாமல் தொடங்கினால் அளவு முற்றிலும் மாறிவிடும்.

இக்கலையால் வருவாய் உண்டா என்று கேட்போர் பலர். அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, எத்தனையோ குடும்பங்கள் குரோஷா லேஸ் பின்னியே உணவு தேடின. நம் நாட்டில் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாபுரத்தில், 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் கற்பித்த இவ்வேலை ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. 2024ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நம் சகோதரிகள் அறிதல் வேண்டும். மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவ்வூர்ப் பெண்களைப் பற்றி 1982ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், அப்பெண்கள் பெற்ற கூலி வயல் வேலைக்கான குறைந்தபட்சக் கூலியையும் எட்டவில்லை. ஆதாயம் வணிகர்க்குப் போயிற்று. வீட்டிலிருந்து செய்தமையால் அது தொழிலாகவே எண்ணப்படாமல், ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று கருதப்பட்டது.

உண்மையான குரோஷாவைப் பின்னும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இல்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷாச் சட்டை ஒன்றைக் காணும்போது, அது யாரோ ஒருத்தியின் கை வேலை, அவளுடைய பல மணி நேரம் என்று அறிக. ஆகவே விற்கும் எண்ணம் உடையோர், நூலின் விலையோடு தம் மணி நேரத்தையும் முதல் துண்டிலிருந்தே ஓர் ஏட்டில் குறித்து வருக. அந்த ஏட்டைப் பார்த்த பின் விலை சொல்லலாம்; சொல்ல மனம் வராவிடில் வீட்டிற்கே வைத்துக்கொள்ளலாம்.

பலர் கூடிச் செய்தால் எதுவரை செல்லலாம் என்பதற்குச் சென்னையே சான்று. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் குழுவினர் தாம் பின்னிய துண்டுகளை ஒன்றுசேர்த்து, 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் பதிவு பெற்றனர். நம் சங்கத்து மகளிர் அவ்வளவு பெரிதாக விரும்ப வேண்டுவதில்லை. மாதம் ஒரு பிற்பகல் கூடி, தெரிந்தவர் தெரியாதவரின் எதிரே அமர்ந்தாலே போதும்.

அடுத்த துண்டாகத் தண்ணீர்ச் சொம்புக்கு வட்ட மூடி பின்னலாம். காற்றில் பறவாதிருக்க ஓரத்தில் கண்ணாடி மணிகளைக் கோக்க வேண்டும். கடற்கரைச் சிப்பிகளைக் கோக்க ஆசை எழும். ஆயினும் நம் கடலின் சங்கு, சிப்பி வகைகள் சில 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. மணியே நன்று. சென்னைக்கும் தீவுக்கும் இடையே கப்பலில் செல்லும் ஏறத்தாழ மூன்று நாளில் ஒரு மூடி முடிந்துவிடும்.

மழை மாதங்களில் பின்னிய துண்டை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பூக்கும். சவர்க்கார நீரில் அலசி, பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக நிழலில் உலர்த்துக. கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தால் பின்னல் நீண்டுவிடும்.